நெடுந்தீவுக்கு அம்மாவை ஒரு தடவை கூட்டிப் போகணும், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. அம்மாவைப் பெற்றவர், எங்கள் அம்மாச்சி, இலங்கையில் யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவான நெடுந்தீவில் பிறந்து வளர்ந்து தங்கச்சிமடத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் அது அதிசயமில்லை. அங்கிருந்து பெண் எடுப்பார்கள், இங்கிருந்து கொடுப்பார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் பாய் விரித்துப் போய், வடகிழக்கு வாடை பிறந்ததும் திரும்புவார்கள் என்பார் அம்மா. சின்ன வயதில் அவரும் அப்படிப் போய், அம்மாச்சி பிறந்த வீட்டில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். அப்புறம் சட்டம் வந்தது, எல்லை வந்தது, போர் வந்தது. அம்மா திரும்பப் போகவே இல்லை. நான் அந்தக் கரையை மிதித்ததே இல்லை.

ஆனால் அந்த வீடு எனக்கு மனப்பாடம். சாந்து பூசாமல் பவளக்கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலி. வேலிக்கு உள்ளே ஒரு கிணறு, தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. குடிதண்ணீருக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். கோடையில் மட்டக்குதிரைகள் தண்ணீர் தேடி வேலி ஓரம் வந்து நிற்கும். அம்மாச்சியின் அண்ணன் கல்தொட்டியில் தண்ணீர் இறைத்து ஊற்றுவார். குதிரைகள் குடித்து முடிக்கும்வரை பிள்ளைகள் யாரும் வாய் திறக்கக் கூடாதாம். அம்மா இப்போதும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

எங்கள் தெருவில் இன்று நெடுந்தீவு என்றால் பேப்பரில் வரும் செய்திதான் ஞாபகம் வரும்: 'நெடுந்தீவு அருகே ராமேஸ்வரம் மீனவர்கள் கைது'. என் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் தெரியும். பாட்டியோட ஊர்டா அது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அம்மாவுக்கு நடை இருக்கும்போதே ஒரு தடவை கூட்டிப் போய்விட வேண்டும். வயது கூடக் கூட அம்மாவே அந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டு வருகிறார், அதுதான் என்னை உறுத்துகிறது. கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து நெடுந்தீவுக்குப் போக முடியுமா? நாகப்பட்டினம் கப்பல் நல்லதா, விமானமா? அங்கே சொந்தம் என்று யாரும் தொடர்பில் இல்லை. போய் எப்படித் தேடுவது?

வேர்க்கோட்டு வாசகி:

கச்சத்தீவிலிருந்து நெடுந்தீவுக்குப் போக முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் ஆசை காட்டிவிடாதீர்கள். திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். 1974 ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த அனுமதி அந்தத் தீவுக்கு மட்டும்தான். ஒருநாள் பின்னேரம் சிலுவைப்பாதை, தேர், மறுநாள் காலை திருப்பலி. முடிந்ததும் படகைத் திருப்ப வேண்டியதுதான். பெயர்ப் பதிவு, ஆதார், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் முன்கூட்டியே உண்டு.

இருந்தாலும் அதையும் யோசித்துப் பாருங்கள். கச்சத்தீவு அந்தோனியார் கோயில் நெடுந்தீவுப் பங்கின் கீழ்தான் வருகிறது. அழைப்பு அங்கிருந்துதான் இங்கே வரும். திருவிழாவுக்கு நெடுந்தீவுச் சனம் படகு படகாக வந்து இறங்கும். என் பெரியம்மாவுக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தங்கைக்கும் போருக்குப் பிறகு கிடைத்த முதல் சந்திப்பு அந்த மணலில்தான். பெயரைச் சொல்லிச் சொல்லி விசாரித்துக்கொண்டே போனார், ஆள் கிடைத்துவிட்டார். அந்தச் சித்தி ஓலைப்பெட்டியைத் திறந்து பனம்பழத்தில் செய்த பனாட்டை எடுத்துப் பிய்த்துப் பெரியம்மா வாயில் ஊட்டிவிட்டார். இரண்டு பேரும் பேசியதை விட அழுததுதான் அதிகம். ராத்திரி முழுக்கக் கோயில் பக்கத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவுக்கு மணலில் ஒரு ராத்திரி தாங்குமா என்பதுதான் கேள்வி. நிழல் கிடையாது, குடிதண்ணீர் எல்லாம் கொண்டுபோவதுதான்.

பாம்பன் பழையவன்:

தம்பி, இந்த ஏக்கம் இந்தக் கரையில் உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ளதில்லை. எழுபது தாண்டியவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வரும்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து சென்னையில் டிக்கெட் எடுத்தால் கொழும்புவரை அதே டிக்கெட். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கே ரயில் காத்திருக்கும். போட் மெயில் என்பார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி போனது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. ராமானுஜம் என்று பெயர். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். 80-களில் போர் பிடித்ததும் அதுவும் நின்றது. மறுபடி விடப் போகிறார்கள் என்று எத்தனையோ தடவை பேச்சு வந்துவிட்டது. தலைமன்னார் இறங்குதுறைவரை ரயில் பாதையை 2015-ல் திரும்பப் போட்டுவிட்டார்கள். இங்கே பாம்பனில் புதுப் பாலமே 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. நடுவில் அந்த முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் கடல்தான் பாக்கி.

அந்தக் கப்பலில் இருந்து இறங்கியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நான் பையனாக இருக்கும்போது துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டி, சுருட்டிய பாய், கைக்குழந்தை. தாயகம் திரும்புகிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. அவர்களுக்குத் தெரிந்த ஊர் பதுளையும் நுவரெலியாவும். ஒரு கிழவர் மண்டபத்தில் இறங்கி, 'ஏன் தம்பி, இங்கே மலை எந்தப் பக்கம்?' என்று என்னைக் கேட்டார். நான் அவருக்குக் கடலைத்தான் காட்ட முடிந்தது.

கேட்டதற்குப் பதில்: கப்பலை விட விமானம் அம்மாவுக்குச் சுகம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025-லிருந்து இருக்கிறது.

ராமநாதபுரம் ராஜவீதி:

நான் சொல்வதைத் தப்பாக எடுக்க வேண்டாம். அக்கறையில்தான் சொல்கிறேன். எண்பது வயதில் விமானம், பஸ், படகு என்று மூன்று மாறி, யாரும் இல்லாத ஊருக்கு, இருக்குமா இல்லையா என்று தெரியாத வீட்டைத் தேடிப் போவது சரியா? வீடு இடிந்து கிடந்தால் அம்மா தாங்குவார்களா? மனதில் இருக்கிற வீடு நன்றாக இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமே. அந்தப் பணத்தில் வீடியோ எடுக்க யாரையாவது அனுப்பலாம்.

கீழக்கரை காக்கா:

ராஜவீதி அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நான் போய் வந்தவன், அதனால் மறுத்துச் சொல்கிறேன்.

எங்கள் உம்மா பிறந்தது மன்னார் தீவில் எருக்கலம்பிட்டி. கீழக்கரைக்கு நிக்காஹ் முடித்து வந்தார்கள். உம்மாவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த மொத்த முஸ்லிம்களோடு சேர்த்து ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். உடுத்த துணியோடு புத்தளத்துக்குப் போய் ஓலைக்கொட்டகையில் கிடந்தவர்கள். உம்மாவுக்கு அதற்கப்புறம் எருக்கலம்பிட்டி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். நானும் ராத்தாவும் வற்புறுத்தித்தான் கூட்டிப் போனோம்.

வீடு இல்லை. அடித்தளம் மட்டும் கிடந்தது, அதன் மேல் முள்ளும் உடைமரமும். நானும் பயந்துதான் போனேன். உம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தளத்தில் ஏறி நின்று, இது அடுப்படி, இது வாப்பா படுக்கிற திண்ணை, இங்கேதான் தண்ணீர்ச் சாடி என்று ஒவ்வொரு இடமாக நின்று காட்டினார்கள். எத்தனையோ வருஷமாக வாயைத் திறக்காத மனுஷி, அன்றைக்கு நிறுத்தவே இல்லை. பிறகு திரும்பி வந்து குடியேறிய ஒரு குடும்பம் எங்களை அழைத்துச் சோறு போட்டது. அவர்களுக்கு உம்மாவின் வாப்பா பெயர் தெரிந்திருந்தது.

வீடு இடிந்தால் அம்மா உடைந்துபோவார் என்று நாம்தான் நினைக்கிறோம். அவர்கள் தேடுவது சுவரை இல்லை. வீடியோவில் யாரும் செருப்பைக் கழற்றி ஏறி நிற்க முடியாது. கூட்டிப் போங்கள்.

நெடுந்தீவான்:

வணக்கம். நான் நெடுந்தீவில் பிறந்தவன், இப்போது யாழ்ப்பாணத்தில் வேலை. இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பி வைத்தார்.

முதலில் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான்வரை பஸ் வரும். அங்கே இரண்டு பக்கம் படகு போகும். ஒன்று நயினாதீவு, நாகபூசணி அம்மனிடம் போகிற சனம் அதில் ஏறும். மற்றது எங்கள் படகு. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், மாவிலித்துறையில் இறங்கலாம். காலையில் போகிற படகைப் பிடித்தால்தான் நல்லது, பின்னேரப் படகு கடலைப் பொறுத்தது. சோளகம் பெலத்தால் ஆனி, ஆடியில் அந்த ஒரு மணித்தியாலமும் வயிற்றைப் பிசையும். சித்திரை, வைகாசி முற்பகுதி அம்மாவுக்குத் தோதான காலம்.

தீவில் ஆட்டோ இருக்கிறது. கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், தெற்கே குவிந்தா கோபுரம் என்று காட்டிக்கொண்டு போவார்கள், அது சுற்றுலாக்காரருக்கு. நீங்கள் அம்மா சொல்கிற வட்டாரத்தின் பெயரைக் கேட்டு வையுங்கோ. கிழக்கா, மேற்கா, மத்தியா? எந்தக் கோயிலுக்குக் கிட்ட? எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளினார்கள்? நல்ல தண்ணீர்க் கிணறு எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே கிணற்றைச் சொன்னால் பாதி விலாசம் கிடைத்துவிடும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டுப் பாருங்கோ. அம்மாச்சியின் தாய் தகப்பன் பெயர் தெரிந்திருந்தால் போதும்.

கல்வேலிகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் உள்ளே இருந்த சனம்தான் இல்லை. பாதிப்பேர் வன்னிப் பக்கம் போய்க் குடியிருந்துவிட்டார்கள், மிச்சம் வெளிநாடு. என் வகுப்பில் படித்தவர்களில் தீவில் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். குதிரைகளும் இருக்கின்றன. வறட்சியில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போன வருஷங்களும் உண்டு. நீங்கள் எழுதிய கல்தொட்டி விஷயத்தை எங்கள் அம்மம்மாவும் சொல்லுவா.

துறையில் இறங்கினதும் குமுதினிப் படகு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1985 மே 15-ந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன அந்தப் படகில் ஏறிய சனத்தைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையும் அதில் இருந்தது. எங்கள் ஊரில் அந்த நாளை மறந்த ஒரு வீடும் இல்லை. அம்மாவைக் கூட்டி வரும்போது அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கோ. உங்கள் சொந்தக்காரர் யாரும் அதில் இருந்தார்களோ, யாருக்குத் தெரியும்.

இன்னுமொன்றும் எழுதத்தான் வேண்டும். மனதில் வைத்துக்கொண்டு உபசாரம் பேச எனக்கு வராது. உங்கள் கரையிலிருந்து வருகிற இழுவைமடிப் படகுகளால் என் மாமாவின் வலை இரண்டு தடவை அறுந்து போனது. கடன் வாங்கிப் போட்ட வலை. அடியை வாரிக்கொண்டு போகிற மடி அது, குஞ்சும் மிஞ்சாது, பாசியும் மிஞ்சாது. எங்கள் நாட்டில் 2017-ல் சட்டம் போட்டு அந்த முறையைத் தடை செய்தாயிற்று. இரவில் கரையில் நின்றால் உங்கள் படகுகளின் வெளிச்சம் வரிசையாகத் தெரியும். 'எங்கட சொந்தக்காரர்தான் வருகினம்' என்று அம்மம்மா சொல்லுவா, மாமா எழும்பிப் போய்விடுவார். நீங்கள் வரவேண்டும், கட்டாயம் வாங்கோ. ஆனால் வந்தால் இந்தக் கதையும் வரும். கேட்கத் தயாராக வாங்கோ.

தங்கச்சிமடத்தான்:

நெடுந்தீவான் அண்ணன், இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். உங்கள் மாமாவின் கோபம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் தம்பி விசைப்படகுக்குப் போகிறவன். படகு சொந்தமில்லை, கூலிக்குத்தான். முதலாளி எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே. சில வருஷத்துக்கு முன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அங்கே சிறையில் இருந்துவிட்டுத் திரும்பினான். வந்த அன்றைக்கு அம்மா அவனை உட்கார வைத்துத் தலை துவட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, 'நெடுந்தீவைப் பார்த்தியாடா?' அவன், 'பார்த்தேம்மா, பிடித்துக் கொண்டுபோகும்போது விடிகாலையில் தூரத்தில் பனைமரம் தெரிஞ்சுச்சு' என்றான். எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கு அப்புறம் அந்தக் கரையைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவன்தான். பார்த்த விதம் அப்படி.

அடியை வாரும் மடி தப்பு என்று அவனுக்கும் தெரியும். பாக் நீரிணையில் நம் பக்கம் அடி ஏற்கெனவே வாரிக் காலியாகிக் கிடக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் போகிறார்கள். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. உங்கள் மாமா வலை அறுந்தது அறுந்ததுதான். ஆழ்கடல் தொழிலுக்கு மாறுங்கள் என்று அரசாங்கம் மானியத் திட்டம் வைத்தது. கூலிக்குப் போகிறவன் அதில் எங்கே நுழைவது? படகு வைத்திருப்பவர்களுக்கே தயக்கம்.

தம்பியும் வர ஆசைப்படுகிறான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அவனுக்கு வேலை இல்லை. நீங்கள் சொன்ன சித்திரை, வைகாசியும் அதேதான். ஆனால் அவன் மேல் அங்கே வழக்கு நடந்திருப்பதால் விசா கிடைக்குமா என்று தெளிவாக விசாரித்துத்தான் அழைத்து வருவேன். அவன் வந்தால் உங்கள் மாமாவைப் பார்க்க அனுமதிப்பாரா?

நெடுந்தீவான்:

மாமாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்துகொண்டு, 'கூலிக்கு வாற பெடியனோட எனக்கென்ன கோவம்' என்றார். வரச் சொன்னதாகத்தான் அர்த்தம்.

மண்டபம் மகள்:

பல நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

நான் மண்டபம் முகாமில் பிறந்தவள். அப்பா அம்மா மன்னார் பேசாலையிலிருந்து 1990-ல் வந்தவர்கள். ராத்திரிப் படகில் ஏறி, தனுஷ்கோடிப் பக்கம் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை அம்மா அக்காவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். 2021-லிருந்து எங்கள் இடத்துக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர். பெயர் மாறியபோது அம்மா அழுதார். அகதி என்ற சொல் போனதே பெரிசு என்றார்.

நீங்கள் எல்லாரும் கப்பலா விமானமா என்று பேசுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை இல்லை. உண்மையாகச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நிலைமையையும் இந்த இழையில் பதிய வேண்டும். நான் பேசாலையைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் எனக்குக் கிடையாது. இலங்கைக் குடியுரிமைக்கு என் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, சான்றிதழ் வாங்கி, இங்கே வெளியேறும் அனுமதி எடுத்துப் போகலாம். ஆனால் அது போவதற்கான வழி. போனால் முகாம் பதிவு போய்விடும். திரும்பி வந்து இருக்க முடியாது. கணவர் இங்கே பெயிண்டிங் வேலை, மகள் இங்கே பத்தாம் வகுப்பு. ஒரு தடவை ஊரைப் பார்க்கும் ஆசைக்கு இவ்வளவையும் வைத்து விளையாட முடியுமா?

அப்பா போன வருஷம் இறந்துபோனார். பேசாலையில் அவர் போட்ட தென்னை இப்போது காய்க்கும் என்று கடைசிவரை கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு என்னைக் கூட்டிப் போய், கையை நீட்டி, நேராக இந்தத் திசை என்பார். மேகம் இல்லாத ராத்திரியில் அந்தப் பக்கத்துக் கோபுர விளக்கு தெரிகிறது என்று சொல்வார். எனக்குத் தெரிந்ததா இல்லையா என்று நான் அவரிடம் சொன்னதில்லை, ஆமாம்ப்பா என்றுதான் சொல்வேன்.

தங்கச்சிமடத்து அண்ணா, உங்களுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். அம்மா இருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது. தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

வேர்க்கோட்டு வாசகி:

தங்கச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவுக்கு என் செபம்.

கச்சத்தீவுத் திருவிழாவுக்காவது வர வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கட்டுமா? மன்னார்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் அங்கே வருவார்கள்.

மண்டபம் மகள்:

பதிவுக்கு இந்திய அடையாள ஆவணம் கேட்பார்கள் அக்கா. கேட்டதே போதும், நன்றி.

பரமக்குடி வக்கீல்:

மண்டபம் மகள் எந்த வருஷம் பிறந்தார் என்று இங்கே சொல்ல வேண்டாம். பொதுவாகச் சட்டம் இதுதான். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் பெற்றிருக்கிறார். அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு அது பொருந்தாது. 1990-ல் பெற்றோர் வந்தார்கள் என்றால் நீங்கள் அந்த வரம்புக்கு வெளியே என்று புரிகிறது. ஆனால் உங்களோடு முகாமில் இருப்பவர்களில், 1983, 84-ல் வந்த குடும்பங்களில், இந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்த பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏஜென்ட், படகு என்று யார் குறுக்குவழி சொன்னாலும் கேட்காதீர்கள். போகும்போதும் ஆபத்து, பிடிபட்டால் இரண்டு பக்கமும் வழக்கு.

மண்டபம் மகள்:

எங்கள் வரிசையில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்றைக்கே சொல்கிறேன் ஐயா.

ராமநாதபுரம் ராஜவீதி:

நான் மேலே எழுதியதை மண்டபம் மகள் எழுதியதற்குப் பிறகு இன்னொரு முறை படித்தேன். செலவு, உடம்பு பற்றிய கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் போகட்டும் என்றுதான் இப்போது சொல்வேன். அம்மாவுக்குப் பயணத்துக்கு முன் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி, மாத்திரைகளைக் கூடுதலாகச் சில நாளைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீவில் பெரிய ஆஸ்பத்திரி வசதி எதிர்பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் இரண்டு ராத்திரி தங்கி, உடம்பு தேறிய பிறகு படகு ஏறுங்கள்.

பாம்பன் பழையவன்:

நெடுந்தீவைப் பற்றி இன்னொரு விஷயம். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964-ல் தொடங்கக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகளுக்குத் தகப்பன் வழி ஊர் நெடுந்தீவுதான். அவர் நம் தென் மாவட்டங்களிலும் குருவாக வேலை பார்த்தவர். உலகமெல்லாம் சுற்றித் தமிழைக் கொண்டுபோனவரின் வேர் அந்தக் கல்வேலிக்குள் இருக்கிறது. அவருக்கு அங்கே சிலை உண்டு, அம்மாவோடு பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடிக்க மனமில்லை.

அம்மாவிடம் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். நெடுந்தீவான் கேட்ட கிணற்றைக் கேட்டேன். சாறாப்பிட்டி என்று சட்டென்று சொன்னார். அங்கே நிறையக் கிணறு வரிசையாக இருக்கும், எங்கள் வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒரே கிணற்றில்தான் அள்ளுவார்கள் என்றார். அம்மாச்சியின் தாய் தகப்பன் பெயர், அண்ணன் பெயர், பக்கத்து வீட்டுக் கிழவி பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத எழுத வேறு பெயர்களும் வருகின்றன. பேச்சைக் குறைத்துவிட்டார் என்று முதலில் எழுதினேன், இப்போது நடுராத்திரியிலும் எழுப்பி, 'இன்னொரு பேர் ஞாபகம் வந்துச்சு, எழுதிக்க' என்கிறார்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. திருச்சியிலிருந்து விமானம்தான் என்று முடிவு. தம்பியின் விஷயத்துக்கு வக்கீல் ஐயாவிடம் தனியாகக் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் நானும் அம்மாவும் என் மகளும் போவோம். மகள் வரட்டும் என்று அம்மாவே சொன்னார்.

மண்டபம் தங்கச்சி, உங்கள் அப்பா போட்ட தென்னை எந்தத் தெருவில், எந்தக் கோயில் பக்கம் என்று எழுதி அனுப்புங்கள். மன்னார் வழியாகத் திரும்பலாமா என்று பார்க்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பஸ் இருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு இடம் கொடுத்தால் பேசாலையில் இறங்கி, அந்த இடத்தைத் தேடி, உங்களோடு போனில் பேசிக்கொண்டே நடக்கிறேன்.

மண்டபம் மகள்:

பேசாலை வெற்றிமாதா கோயிலுக்குக் கிட்ட என்று அப்பா சொல்வார். மிச்சத்தை அம்மாவிடம் கேட்டு இன்று ராத்திரி எழுதுகிறேன் அண்ணா. அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, என்னிடம் போனைக் கொடு என்கிறார், அவரே சொல்ல வேண்டுமாம்.

நெடுந்தீவான்:

சாறாப்பிட்டி என்றால் வட்டாரம் பிடிபட்டுவிட்டது. பெயர்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கோ. இந்தச் சனிக்கிழமை நான் தீவுக்குப் போகிறேன், மாமாவோடு சேர்ந்து அங்கே இருக்கிற வயதானவர்களிடம் விசாரித்து வைக்கிறேன். பங்குக் குருவானவரிடமும் பதிவேட்டைப் பற்றிக் கதைக்கிறேன்.

வரும் நாளை ஏப்ரலுக்குள் சொல்லிவிடுங்கோ. குறிகட்டுவானில் படகுக்குள் இறங்குகிற இடம் வயதானவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், கை பிடித்து இறக்க இரண்டு பேர் வேண்டும். நான் வந்து நிற்பேன், இன்னொரு ஆளையும் கூட்டி வருவேன். சாப்பாடு, தங்குமிடம் ஒன்றும் யோசிக்க வேண்டாம், அம்மம்மா வீடு இருக்கிறது.